இங்கே யாருக்கும் குத்தியதில்லை

ஆரஞ்சுப் பழத்தைத்தான் முதலில் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டு நிறைய ஆரஞ்சு, பக்கத்தில் வெள்ளைத் துண்டு, துண்டின் மேல் புது சிரிஞ்சுகள், நிச்சயதார்த்த வீட்டில் தாம்பாளம் பரப்பின மாதிரி. மெட்ராஸிலிருந்து வந்திருந்த இஞ்சினியர் நிரஞ்சன் ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "சிஸ்டர்ஸ், இதை ஒரு பேஷண்டோட கைன்னு நினைச்சுக்கோங்க" என்றார். மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நர்ஸுகள் எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். ஜெபக்கனி மட்டும் தன் கையைப் பார்த்தாள். இடது கை, ஆள்காட்டி விரல், நுனிக்குச் சற்றுக் கீழே. ஒரு கடுகு அகலம்கூட இல்லை. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி, பிளாஸ்திரியைச் சுற்றி வலது கை. சுருக்கென்றுதான் இருந்தது, கட்டெறும்பு கடித்தால் இதைவிட வலிக்கும். வலிக்காததுதான் பயமாக இருந்தது. காலையில் எட்டாம் பெட்காரருக்கு நரம்பில் மருந்தை ஏற்றி, பஞ்சை வைத்து, அவரையே அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஊசிக்கு மூடி போட்டாள். எத்தனை ஆயிரம் மூடி போட்ட கை. மூடி ஒரு பக்கம் போக, ஊசி ஒரு பக்கம் போய், கிளவுஸைத் துளைத்து உள்ளே இறங்கி, வெளியே வந்தும் விட்டது. கிளவுஸுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினாள். பிதுக்கக் கூடாது என்று படித்திருக்கிறாள், பிதுக்கினாள், உள்ளே போனதை வெளியே கூப்பிடுகிற மாதிரி பிதுக்கிக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தபோது எட்டாம் பெட்காரர், "என்ன தாயி, கையில குத்திட்டா?" என்று கேட்டார். "இல்லைய்யா, சும்மா." அவர் சிரித்தார். சிரித்தபோது நாக்கு தெரிந்தது. நாக்கில் வெள்ளையாக என்னவோ இருந்தது. பால் குடித்திருப்பார். பால் வருகிற நேரம்தான். ஸ்டூலின் மேல் டம்ளர் இருந்ததா? இருந்தது. காலியாக இருந்ததா, நிறைந்து இருந்ததா? அதுதான் வரமாட்டேன் என்கிறது. பால் குடித்த நாக்கும் வெள்ளை, உடம்பில் தெம்பு அத்தனையும் வடிந்துபோனவர்களின் நாக்கில் படிகிற பூஞ்சையும் வெள்ளை. நல்லா வாயைத் திறங்கய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. தெரிந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை.

அந்த மனுஷர் காய்ச்சல் என்று அவசரத்தில் வந்து சேர்ந்தவர். ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்குத்தான் இந்த ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்ப்பார்கள், இருந்தால் ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எட்டாம் பெட் ஃபைலில் ஸ்டிக்கர் இல்லை. இல்லை என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தம், பார்க்கவே இல்லை என்றும் அர்த்தம். நாற்பத்தைந்து வயசு ஆளுக்கு அத்தனை மெலிவு ஏன்? இடுப்பில் வேட்டி நிற்காமல் கயிறு கட்டியிருந்தாரே. அவர் தகப்பனாரும் மெலிந்தவராக இருந்திருக்கலாம், சில குடும்பம் அப்படி. கல்லூரியில் சொன்ன கணக்கு ஒன்று உண்டு, நோய் உள்ளவரின் ஊசி குத்தினால் முந்நூறு பேரில் ஒருத்திக்கு வரும். முந்நூறு பேர் என்றால் இந்த ஹால் கொள்ளாது, கீழே கார் நிற்கிற இடம் வரைக்கும் வெள்ளை உடுப்பாக நிற்கும். அதில் எந்த ஒருத்தி? வரிசையில் முன்னால் நிற்கிறவளா, கடைசியில் நிற்கிறவளா? எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பையைத் தேடிக்கொண்டு நிற்பாளே, அவளா? நோய் வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. மூன்று நாளைக்குள் தொடங்கியாக வேண்டும், ஆனால் முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு நல்லது, இன்றைக்கே, இப்போதே. அதற்கு எட்டாம் பெட்டின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். லேபில் கேட்டால் எமரால்டு மேடம் கையெழுத்து எங்கே என்பார்கள். எமரால்டு மேடம்தான் நர்ஸுகளுக்கெல்லாம் பெரிய தலை. அவள் இப்போது முன்வரிசையில், கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க, பெரிய டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டாம் பெட்காரருக்கோ இன்றைக்கு டிஸ்சார்ஜ். அவர் மகன் கீழே பில் கட்டிக்கொண்டிருப்பான். போய்விட்டால் போனதுதான். எங்கேயோ தேரிக்காட்டுப் பக்கம் ஒரு ஊர், அங்கே போய் ஐயா ஒரு சொட்டு இரத்தம் தாங்க என்று யார் கேட்பது?

"ஏன் மேடம் மூடி போடச் சொல்லுதீங்க" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. வார்டுச் சுவரில் கலர் படம் போட்டு ஒட்டியிருக்கிறது, உபயோகித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள், அப்படியே வெள்ளை டப்பாவில் போடுங்கள் என்று. படத்தில் ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே போடுகிறாள். அந்த டப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நிறைந்து பிதுங்கி, மாற்று வராமல், கடைசியில் அதுவும் காணாமல் போனது. ஊசி குப்பைப் பையில் போக ஆரம்பித்தது. குப்பை எடுக்கிற காண்டிராக்டர் வந்து சத்தம் போட்டான், "பையைத் தூக்கினா என் ஆளுக்கு முதுகுல குத்துது, இனிமே பையைத் தொடமாட்டோம்" என்று. அன்றைக்குச் சாயந்திரம் எமரால்டு மேடம் வார்டுக்கு வந்து, வாய் வார்த்தையாக, காதோடு காதாக, "எல்லா ஊசிக்கும் மூடி போட்டே குப்பையில போடுங்கம்மா" என்றாள். அதனால் சுவர் ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும். கை வாய் சொன்னதைத்தான் கேட்கும், சம்பளம் வாயிலிருந்துதானே வருகிறது. குத்திவிட்டால் மட்டும் சுவரைக் காட்டுவாள். இதே வார்டு நர்ஸ் சுகிர்தாவுக்குக் குத்தியபோது காட்டினாள். "படிச்ச புள்ளதானே நீ? இதுல என்ன எழுதியிருக்கு? வாசி" என்று வார்டு நடுவில் நிறுத்தி, பேஷண்டுகள் பார்க்க, எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தாள். அவளும் வாசித்தாள். மூடி போடாதீர்கள். "இன்னும் சத்தமா."

சுகிர்தா வாசித்த குரல் இப்போதும் காதில் கிடக்கிறது. மாத்திரை சாப்பிட்டாள், வாந்தி எடுத்தாள், துணி துவைக்கிற கட்டுக்கு மாற்றினார்கள், பேஷண்டைத் தொட வேண்டாம் என்று. மத்தியானச் சாப்பாட்டில் அவள் தட்டு தனியாகப் போயிற்று. யாரும் தள்ளி உட்கார் என்று சொல்லவில்லை. நாற்காலிகள்தான் தானாக நகர்ந்துகொண்டன. அவள் டம்ளரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்தது யார் என்றால் ஜெபக்கனிதான். தொட்டால் வராது, தட்டில் வராது, டம்ளரில் வராது, எல்லாம் தெரிந்தேதான் ஊறவைத்தாள், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுகிர்தா வந்து டம்ளரை மோந்து பார்த்துவிட்டுக் கழுவிக் குடித்தாள். கடைசி டெஸ்ட் வந்தபோது இரத்தம் சுத்தம், ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து, நடு வீட்டில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், "ஊசின்னு சொல்லுதீங்க. ஊசிதானா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊசிதானா. புருஷன் ராஜாசிங் கேட்பானா? துறைமுகத்து லாரி ஆபீஸில் வேலை பார்க்கிற மனுஷன், நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவன், வாய் பேசாதவன். பேசாதவன்தான் கேட்பான். கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான், அது இன்னும் மோசம். மாமி கேட்பாள். மாமி சமையல்கட்டில் நின்று பாத்திரத்திடம் கேட்பாள்.

"ஏட்டி, தூங்குதியா?" பக்கத்து நாற்காலி வள்ளிமயில் முழங்கையால் இடித்தாள். "அங்க பாரு, அந்த ஆளு பழத்துல குத்துதான், இரத்தம் வரும்னு பார்த்தா ஜூஸ் வருது." ஜெபக்கனி சிரித்தாள். சிரிப்பு முகத்தில் வந்து நின்றது, அவள் அனுப்பாமலே. முன்னால் நிரஞ்சன் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்தைக் கடைசி வரைக்கும் அழுத்தினால் உள்ளே ஒரு கொக்கி விடும், ஸ்பிரிங் ஊசியைப் பின்னால் இழுத்துக் குழாய்க்குள் போட்டுக்கொள்ளும், அதற்குப் பிறகு குத்த ஊசியே வெளியில் இருக்காது. "மூடி போடுற வேலையே இல்ல. இந்த ஒரு ஸ்பிரிங்குக்காகத்தான் நாங்க தூங்காம கிடந்தோம்." வள்ளிமயில் குனிந்து, "மேடம் நாக்குக்கும் இப்படி ஒரு ஸ்பிரிங் வச்சா தேவலட்டி. பேசி முடிச்சதும் உள்ள போயிரும்" என்றாள். இவளுக்குக் குத்தியிருக்கலாம். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டது. மயிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, தகப்பன் இல்லை, கேட்க ஆள் இல்லை. எட்டாம் பெட்டுக்கு அவள் போயிருக்க வேண்டியது, காலையில் லேட்டாக வந்தாள், அதனால் நான் போனேன். பஸ் கிடைக்கலட்டி என்றாள். அந்த பஸ் கிடைத்திருந்தால் அந்தப் பொட்டு இவள் கிளவுஸில் பெரிதாகியிருக்கும், நான் இங்கே உட்கார்ந்து ஐயோ பாவம் மயிலு என்று சொல்லிக்கொண்டு, சாப்பிடும்போது நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பேன். கர்த்தாவே. கர்த்தரைக் கூப்பிட்டு என்ன கேட்பது, அவளுக்குக் கொடும் என்றா?

மாரில் பால் கட்டிக்கொண்டு வந்தது. நேரம் தப்பாமல் அது வரும், கடிகாரம் பார்க்க வேண்டாம். வீட்டில் பாப்பா இப்போது மாமி தோளில் கிடந்து சட்டையைச் சப்பிக்கொண்டிருக்கும். ஒன்பது மாசத்துப் பிள்ளை, இரண்டு பல் கீழே, இவள் ஆஸ்பத்திரிச் சேலையோடு வாசலில் கால் வைத்ததும் குரல் கேட்டே கையை நீட்டும். வைத்த பஞ்சைத் தாண்டி ஈரம் இறங்கியது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். சாயந்திரம் அதற்குப் பால் கொடுப்பதா? இந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருந்தாள், நாக்கு, டம்ளர், முந்நூறு பேர் என்று. இரத்தத்தில் இருப்பது பாலிலும் வரும். இன்றைக்கே வருமா? இன்றைக்கு வராது. எத்தனை நாளில் வரும்? மாத்திரை போட்டால் பால் கொடுக்கலாமா? டாக்டரிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். கொடுக்காவிட்டால் மாமி கேட்பாள், "ஏன் புள்ளைக்குப் பால் குடுக்க மாட்டேங்க, மாரு என்ன தேய்ஞ்சா போயிரும்?" கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கொடுத்தால் வீடு வீடாக இருக்கும், ராஜாசிங் செய்தித்தாள் பார்ப்பான், மாமி மீன் கழுவுவாள், பிள்ளை குடிக்கும், கண்ணைச் சொருகிக்கொண்டு, ஒரு கையால் தாலிச் செயினைத் திருகிக்கொண்டு, வாயோரம் வெள்ளையாக வழிய. நாக்கெல்லாம் வெள்ளையாக. ஐயோ, அந்த டம்ளர் காலியாகத்தான் இருந்தது. காலியாகத்தான் இருந்திருக்கும்.

"ஜெபக்கனி சிஸ்டர், வாங்க" என்று எமரால்டு மேடம் கூப்பிட்டாள். "எங்க ஆஸ்பத்திரியில கை நடுங்காத ஆளு சார், இவங்க செய்து காட்டட்டும்." எழுந்து போனாள். இடது கையை மடக்கி வைத்துக்கொண்டு போனாள். நிரஞ்சன் ஆரஞ்சை நீட்டினார், அதை இடது கையில் வாங்கித்தான் ஆக வேண்டும், விரலை அடியில் மறைத்து வாங்கினாள். பிளாஸ்திரிக்குக் கீழே பழத்தோல் சில்லென்று இருந்தது. வலது கையால் ஊசியை ஏற்றி, அழுத்தி, கடைசியில் கட்டை விரல் ஒரு எதிர்ப்பைத் தாண்ட, டிக் என்றது. நத்தை கொம்பை இழுத்துக்கொள்கிற மாதிரி ஊசி பழத்துக்குள்ளிருந்தே காணாமல் போயிற்று. கையில் வெறும் குழாய். முனையைத் தொட்டுப் பார்த்தாள், மழுங்கல், பிள்ளை வாயில் வைத்தால்கூட ஒன்றும் ஆகாது. அழகாக இருந்தது. இதுவரைக்கும் கையில் பிடித்த பொருள்களிலேயே இதுதான் அழகு என்று தோன்றியது, தோன்றின கையோடு, அந்த இஞ்சினியர்ப் பையன் முகத்தில் ஓங்கி அறைய வேண்டும் என்றும் தோன்றியது. எங்கடா போயிருந்த, காலையில எங்கடா போயிருந்த நீ, தூங்காமக் கிடந்தானாம். அவரோ குழந்தை மாதிரி சிரித்து, "சத்தம் கேட்டுச்சா சிஸ்டர்? அந்தச் சத்தம் கேட்டா நீங்க பத்திரம்னு அர்த்தம்" என்றார். "கேட்டுது சார்." எல்லாரும் கை தட்டினார்கள். அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். அவள் நாற்காலி ஜன்னலோரம். ஜன்னலுக்குக் கீழே வாசல், வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றுகொண்டிருந்தது.

பெரிய டாக்டர் எழுந்து பேசினார். அவர் பேசும்போது வயிற்றை முன்னால் விட்டுப் பேசுவார். "நல்ல சாமான்தான் தம்பி. ஆனா விலை ஜாஸ்தி பாருங்க. எங்க ஸ்டாஃப்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குத்தினதில்ல. ட்ரெயினிங் அப்படி. இல்லையா மேடம்?" எமரால்டு மேடம், "ஆண்டவர் கிருபை சார், இங்க யாருக்கும் குத்தினதே இல்ல" என்றாள். துவைக்கிற கட்டிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சுகிர்தா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சனின் முகம் கொஞ்சம் வாடிற்று. குத்துப்படுகிற இடத்தில் ஆறு மாசம் இதைச் சும்மாவே கொடுத்து வைத்துப் பார்க்கத்தான் வந்தோம், குத்தாத இடத்தில் வைத்தால் ஊசி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்றார். பிறகு நர்ஸுகள் பக்கம் திரும்பி, நல்ல மரியாதையோடு, "சிஸ்டர்ஸ், பேர் வேண்டாம், எப்போன்னு வேண்டாம், எப்படின்னு வேண்டாம். ஒரு தடவையாவது குத்தியிருந்தா கையை மட்டும் தூக்குங்க. ஒரே ஒரு கை போதும். இன்னைக்கே ரெண்டு பெட்டி இறக்கி வச்சுட்டுப் போயிருவேன்" என்றார். முப்பது பேர், அறுபது கை, எல்லாம் மடியில் கிடந்தன. வள்ளிமயிலுக்குப் போன வருஷம் குத்தியது ஜெபக்கனிக்குத் தெரியும். குத்தாத நர்ஸ் உலகத்தில் உண்டா என்ன. ஒரு கை எழுந்தால் பத்துக் கை எழும், அந்த முதல் கை யாருடையது என்றுதான் எல்லாக் கையும் காத்துக்கொண்டிருந்தது. தூக்கினால் வெளியாள் முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது, எட்டாம் பெட்டை நிறுத்தியாக வேண்டும், இரத்தம் பார்த்தாக வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை கைக்கு வந்துவிடும், பிள்ளைக்குப் பால் உண்டா இல்லையா என்று ஒரு வாய் பதில் சொல்லும். தூக்கினால் சுவரைக் காட்டுவாள், வாசி என்பாள். வாசித்துவிட்டுப் போகிறேன். ஊசிதானா என்பார்கள். ஊசிதான். சத்தமா. ஊசிதான். ஜன்னலுக்குக் கீழே, மகன் தோளில் கை போட்டுக்கொண்டு, எட்டாம் பெட்காரர் படி இறங்கி வந்தார். ஆட்டோவுக்குள் தலையைக் குனிந்து நுழையப் போனவர், வெயிலுக்கோ எதற்கோ, வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். மாடியிலிருந்து பார்த்தால் வாய் திறந்திருப்பதுதான் தெரியும், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது.

ஜெபக்கனி கையைத் தூக்கினாள். எந்தக் கை என்று யோசிக்கவில்லை, இடது கைதான் எழுந்தது. ஹால் முழுக்க மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. முன்வரிசையிலிருந்து எமரால்டு மேடம் மெல்லத் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், பிளாஸ்திரியில் ஊறி நின்ற பழுப்புச் சிவப்பைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் சிரித்தாள். "எங்க ஜெபக்கனிக்கு ஏதோ சந்தேகம் கேக்கணுமாம் சார். படிக்கிற காலத்துல இருந்தே அப்படித்தான், கேட்டுக்கிட்டே இருப்பா. கேளும்மா, கேளு. பயப்படாம கேளு." நிரஞ்சன் இரண்டு எட்டு முன்னால் வந்து, "சொல்லுங்க சிஸ்டர்" என்றார். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் வள்ளிமயிலின் கை மடியிலிருந்து ஒரு விரக்கடை உயர்ந்து, அங்கேயே நின்று, திரும்பப் படுத்துக்கொண்டது. ஜெபக்கனியின் வாய்க்குள் வார்த்தை இருந்தது. ஒரே வார்த்தை, குத்திட்டு, அவ்வளவுதான், எட்டாம் பெட்காரர்கூடச் சொன்ன வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. மேடத்தின் கண் விரலை விட்டு இறங்கி, ஈரம் பட்ட சேலைத் தலைப்பில் வந்து நின்றது, பிள்ளைக்காரிம்மா நீ என்கிற மாதிரி, பரிவாக. கீழே ஆட்டோ உறுமிற்று.

"இது" என்றாள் ஜெபக்கனி. "இது என்னென்ன கலர்ல சார் வருது?"

ஹால் சிரித்தது. இழுத்து வைத்திருந்த மூச்சு முழுவதும் சிரிப்பாக வெளியே வந்தது, பின்வரிசை வரைக்கும் சிரித்தார்கள், பெரிய டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சுகிர்தா மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போனாள். நிரஞ்சன் கேலி செய்யவில்லை, பாவம். நல்ல கேள்வி என்றார். இப்போதைக்கு வெள்ளைதான் சிஸ்டர், உங்களை மாதிரி வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் மாற்றலாம் என்றார். ஆட்டோ கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பி, மற்ற ஆட்டோக்களோடு ஆட்டோவாகப் போயிற்று. "சொல்லுங்க சிஸ்டர், உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள்.

"ரோஸ் கலர் சார்" என்றாள்.

"பார்த்தீங்களா" என்று எமரால்டு மேடம் கை தட்டினாள். "சரி, கையைக் கீழ போடும்மா, வலிக்கும்."